பத்து மூட்டைச் சுவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்தக் கணக்கையும் யாரும் உள்ளபடி சொல்வதில்லை. கூரைக்குப் பத்துத் தகரம் தேவையென்றால் பதினைந்து கேட்பார்கள். எப்படியும் குறைத்துத்தான் தருவார்கள் என்று தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கழிக்கப் போவது தெரிந்து பெண்கள் அடியில் இரண்டு பிடி முற்றல் இலையைத் திணிப்பார்கள். கொடுக்கிறவன் குறைப்பான், கேட்கிறவன் கூட்டுவான். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை, இரண்டு பக்கமும் அறிந்த வழக்கம்தான். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், படித்த திமிரில், ஒரு கணக்கை உள்ளபடி சொல்லிவிட்டேன். தண்ணீர்த் தொட்டியின் சுவருக்குப் பத்து மூட்டை சீமெந்து வேண்டும் என்றேன்.

என் பெயர் சுலக்ஷனா. கொட்டகலையில் அறை எடுத்துத் தங்கி உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து நோர்வூட்டில் இறங்கி, மலை ஏறி, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்துவிடுவேன். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். மறுக்கவில்லை.

அந்தத் தொட்டி எங்களுக்கு வந்தது ஒரு சாவுக்குப் பிறகு. லயத்துக்குத் தண்ணீர் பீலியில்தான். ஓடையிலிருந்து குழாய் வைத்து இறக்கியது. ஓடைக்கு மேலே இன்னொரு லயம் இருக்கிறது, அதற்கும் மேலே மாட்டுப்பட்டி. எல்லாவற்றையும் கழுவிக்கொண்டுதான் அந்தத் தண்ணீர் எங்களிடம் வரும். போன வருடம் செங்கண்மாரி என்கிற மஞ்சள் காமாலை வந்து வரிசையாகப் படுத்தார்கள். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். மேசன் சோலைமலையின் மனைவி தனுஜா எழவில்லை. வயிற்றில் ஐந்து மாதம். அவளும் நானும் ஒரே வகுப்பு. அதற்குமேல் அவளைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அவள் போன பிறகுதான் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எங்கள் நினைவு வந்தது. காட்டு ஓரத்து ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர் எடுக்கலாம், சீமெந்தும் கம்பி வலையும் குழாயும் தருகிறோம், வேலையை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்றார்கள். தொட்டி வைக்கத் தோட்ட நிர்வாகம் விட்டுக்கொடுத்த ஒரே சமதரை எங்கள் லயத்துக்கு நேர் மேலே இருந்தது. அதன் கீழே முதல் வீடு என் தங்கை சர்மிளாவுடையது. அவளுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. தொட்டி நிறைந்தால் பதினான்கு தொன் தண்ணீர் அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலே நிற்கும்.

அடித்தளம் போட்டு முடிந்ததும் சங்கத் தலைவர் அழகன் என்னிடம் வந்தார். சுவருக்கு மட்டும் எத்தனை மூட்டை என்று கேட்டார்.

வெளிக் கனவளவைக் கண்டு உள் கனவளவைக் கழித்தால் சுவர் கிடைக்கும், யாரும் செய்யலாம். ஆனால் மெல்லிய சுவருள்ள பாத்திரத்துக்கு அந்தச் சுற்றுவழி எதற்கு? ஆரை கொஞ்சமே கொஞ்சம் கூடினால் கனவளவு எவ்வளவு கூடும் என்று பார்த்தால் போதும். மேற்பரப்பை அந்தக் கொஞ்சத்தால் பெருக்கு, முடிந்தது. வகையீடு என்று பெயர் வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். ரொட்டி தட்டுகிறவளுக்குத் தெரிந்த சங்கதிதான் அது. எவ்வளவு அகலம், எவ்வளவு தடிப்பு என்று தெரிந்தால் மாவு எவ்வளவென்று கை சொல்லிவிடும். தொட்டிச் சுவரை வெட்டி விரித்துப் போட்டால் அதுவும் ஒரு பெரிய ரொட்டி.

ஆரை ஒன்றரை மீற்றர், உயரம் இரண்டு மீற்றர், தடிப்பு ஐந்து சென்ரிமீற்றர். சோலைமலை போடும் கலவைக்கு ஒன்பதரை மூட்டை வந்தது. சிந்துவதற்கும் சட்டியில் ஒட்டுவதற்குமாக அரை மூட்டை சேர்த்தேன். அவ்வளவுதான் என் தாராளம்.

"பத்து மூட்ட, தலைவரே" என்றேன்.

"சரி டீச்சர், பத்து" என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

சுவர் பூசியது ஒரு வார நாளில். நான் கொட்டகலையில் இருந்தேன். பிறகு ஒரு மாதம் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் திறப்பது என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தவள், வழக்கம்போல மாரியம்மன் கோயிலில் நின்று கும்பிட்டேன். சந்நிதிக்கு முன்னால் கரகம் வைக்கப் புதிதாக ஒரு மேடை எழும்பியிருந்தது. வழவழவென்று பூசிய புதுச் சீமெந்து. பக்கத்தில் அழகன் நின்று பூசாரியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"தலைவரே, இதுக்கு சீமெந்து ஏது?"

"தொட்டிக்கு வந்ததுல மூணு மூட்ட, டீச்சர். சுவரு பூசறதுக்கு மொத நாளே எடுத்து வச்சிட்டோம். தோட்டத்துக்கு எது வந்தாலும் மொதப் பங்கு அம்மனுக்குத்தானே?"

"நான் பத்து மூட்ட வேணும்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. பத்துன்னா ஏழு. அது எங்களுக்குத் தெரியாதா? நீங்களும் இந்த லயத்துப் புள்ளதானே."

"நான் கூட்டிச் சொல்லல்ல. பத்துன்னா பத்துத்தான்."

"யாராச்சும் அப்படிக் கேப்பாங்களா?" என்றார்.

அவர் திருடர் இல்லை. அந்த மேடையில் அவர் வீட்டுக்கென்று ஒரு கரண்டிச் சீமெந்தும் போகவில்லை. அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. அங்கேயே நின்று கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஏழு மூட்டையை அந்தச் சுவரில் பரப்பினால் தடிப்பு நான்கு சென்ரிமீற்றரைக்கூடத் தொடாது.

நேரே சர்மிளாவிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழ் லயத்துக்குப் போய்விடு என்றேன்.

"ஊரே இந்தத் தண்ணிக்குக் காத்துக்கிட்டு கெடக்கு. நீ ஒருத்தி கணக்குப் போட்டேன்னு நான் புள்ளயத் தூக்கிட்டு ஓடவா?" என்றாள். "சோலமல அண்ணன் கட்டுன தொட்டி அது, அக்கா. அவரு பொண்டாட்டி செத்ததே தண்ணியால. அவரா ஏமாத்துவாரு?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்துத் தொட்டி நிற்காது.

சனிக்கிழமை காலையில் அளவு நாடாவோடு மேலே ஏறினேன். முணுமுணுத்துக்கொண்டே சர்மிளாவும் வந்து மறு முனையைப் பிடித்தாள். தொட்டியை உடைக்காமல் சுவரின் தடிப்பை அளக்க ஒரு வழி உண்டு. வளைத்து நிறுத்திய தகரத்தின்மேல் கம்பி வலையைச் சுற்றி, வெளியிலிருந்து கலவையை அப்பித்தான் கட்டினார்கள். உள்சுற்று மாறாது. சுவர் மெலிந்திருந்தால் வெளிச்சுற்று குறைந்திருக்க வேண்டும். மூன்று மூட்டை குறைந்தால் பத்து சென்ரிமீற்றர் குறைய வேண்டும், நாடாவில் கண்ணுக்குத் தெரியும்.

குறையவில்லை. அடியில் அளந்தேன், நடுவில் அளந்தேன், மூடியை ஒட்டி அளந்தேன். சுவர் எங்கும் தன் முழுத் தடிப்போடு நின்றது.

"பாத்தியா? சும்மா பயமுறுத்துற" என்றாள் சர்மிளா.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாடாவை இன்னொரு முறை சுற்றி அளந்தேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று? ஏழு மூட்டையில் பத்து மூட்டைச் சுவர் எழும்பாது. எழும்பியிருந்தால் மிச்சம் மணல். மெல்லிய சுவர் நல்ல கலவையாக இருந்தால் ஒருவேளை நிற்கும். மணலைக் கூட்டித் தடித்த சுவர் ஈரம் ஊறினால் விட்டுவிடும், அதுவும் எச்சரிக்காமல். அளப்பதற்கு முன்பு இருந்ததை விட இப்போதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

சோலைமலையைத் தேடிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. ஹட்டனில் ஒரு வீட்டு வேலை, அங்கேயே தங்கிவிட்டார். போனும் எடுக்கவில்லை. அடுத்த காம்பராவிலிருந்து அவருடைய மாமியார் நாகலெட்சுமி எட்டிப் பார்த்தார். தனுஜாவின் அம்மா.

"மாப்புள நாளைக்கு விடியத்தான் வருவாரு. என்னா புள்ள விசயம்?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா" என்றேன். மகளைத் தண்ணீருக்குப் பறிகொடுத்தவரிடம், உன் மருமகன் மணலைக் கலந்து தொட்டி கட்டியிருக்கிறான் என்று எப்படிச் சொல்வது?

அழகனிடம் திரும்பவும் போய்த் திறப்பு நாளைத் தள்ளி வைக்கச் சொன்னேன். தப்பு மேளம் அடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது, சாமிக்கும் சொல்லியாகிவிட்டது, இனி நிறுத்துவது அபசகுனம் என்றார். "மேசன் வந்து சொன்னா நிறுத்துறேன்" என்று ஒரு வார்த்தை மட்டும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். தப்புச் சத்தம் மலையில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. பெண்கள் குடமும் கேனுமாக வந்து நின்றார்கள். சோலைமலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஹட்டனிலிருந்து நேரே வந்து சேர்ந்தார். கட்டின வேலையைப் பற்றிப் பெருமை பேச அவருக்கு ஊரில் ஒருவரும் நிகரில்லை. அன்று பேசாமல் ஓரமாக நின்றார். அழகன் ஊற்றுத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடும் வால்வில் கை வைத்தபோது நான் போய்க் குறுக்கே நின்றேன்.

தப்பு நின்றது.

"சோலமல அண்ணே, சுவத்துக்கு எத்தன மூட்ட போட்டீங்க?"

"பத்து" என்றார்.

"வந்தது ஏழு. மூணு கோயில்ல மேடையா இருக்கு. சுவத்த நான் அளந்துட்டேன், கனம் குறையல்ல. அப்ப மிச்சத்துக்கு என்னா போட்டீங்க? மணலா?"

ஒரு மேசனிடம் ஊர் முன்னால் கேட்கக்கூடாத கேள்வி அது. எனக்குத் தெரியும். அவர் கோபக்காரர், கை ஓங்கியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பெண்கள் கூட்டத்தில் நின்ற மாமியாரைப் பார்த்தார்.

"உள்ளதச் சொல்லுங்கண்ணே. கீழ என் தங்கச்சி புள்ள தொட்டில்ல கெடக்கு."

"மணல் இல்ல."

"அப்ப என்னா?"

மாமியார் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "உள்பூச்சு முடிஞ்சா மேல்பூச்ச அன்னைக்கே போட்டுறணும். விட்டு மறுநாள் போட்டா ஒட்டாது, தோல் உரியற மாதிரி உரிஞ்சிரும். மத்தியானம் பாக்குறேன், ஏழு மூட்டயும் முடிஞ்சிருச்சு. அம்மனுக்குக் குடுத்தத போயித் திருப்பிக் கேக்க முடியுமா? நோர்வூட்டுக்கு லொறி புடிச்சிப் போயி வர நேரமில்ல. வீட்டுல மூணு மூட்ட இருந்துச்சு. கையாளுங்க ரெண்டு பேரும் ஹட்டன் பொடியனுங்க, அவனுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தூக்கிட்டு வந்து போட்டுட்டேன்."

பலருக்கு இது விளங்கவில்லை. போட்டுவிட்டாரா, நல்லதுதானே என்ற முகத்தோடு நின்றார்கள். எனக்கு மூச்சு வந்தது, அவ்வளவுதான் அப்போது தோன்றியது. நாகலெட்சுமி மட்டும், "வீட்டுல இருந்ததா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி லயத்தைப் பார்த்துப் போனார்.

அந்த மூன்று மூட்டை என்னவென்று அங்கே நின்ற இன்னொரு பெண் எனக்குச் சொன்னார். கொழும்பில் கடையில் நிற்கும் தனுஜாவின் அண்ணன் வாங்கி அனுப்பியது. தனுஜாவின் குழிமேல் சமாதி கட்டுவதற்கு.

எங்கள் ஆட்களைத் தேயிலைக்குள்தான் புதைக்கிறோம். எங்களுக்கென்று சொந்தமாக ஒரு முழம் மண் கிடையாது. மண்மேடு ஒரு மழைக்காலம் தாங்கும், இரண்டாவது மழையில் கரைந்து தரையோடு தரையாகிவிடும். பிறகு அந்த இடத்தில் கன்று நடுவார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அடையாளம் தெரியாது, அவ்வளவுதான். அதனால் முடிந்தவர்கள் வருடத் திவசத்துக்குள் நாலு பக்கமும் சீமெந்து கட்டிப் பெயர் எழுதிவிடுவார்கள். சமாதி இருந்தால் இடம் இருக்கும். என் அப்பாவுக்கு இல்லை. அவரை எங்கே வைத்தோம் என்று இப்போது எனக்கும் சர்மிளாவுக்கும் அபிப்பிராய பேதம் உண்டு.

தனுஜாவின் திவசத்துக்கு இரண்டு வாரம் இருந்தது.

நாகலெட்சுமி திரும்பி வந்தார். மூட்டைகளை மூடியிருந்த பொலித்தீன் அவர் கையில் இருந்தது. உள்ளே தட்டுமுட்டுச் சாமான்களைத் திணித்து, மேலே மூடி, மூட்டை இருப்பது போலவே ஒரு மாதம் வைத்திருந்திருக்கிறார் சோலைமலை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லயே மாப்புள" என்றார்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா அத்தே?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றார் அவர். "அவளுக்கு வேற என்னா இருக்கு?"

சோலைமலை தலையைக் குனிந்துகொண்டார். சலவைச் சட்டையோடு அந்தப் பெரிய ஆள் தோள் குலுங்க அழுதார். அழகன் வால்விலிருந்து கையை எடுத்துவிட்டு முன்னால் வந்தார். அவரும் கலங்கித்தான் இருந்தார்.

"ஆத்தா, கோயில் கமிட்டியில நாங்க மூணு மூட்டயும் எறக்கித் தர்றோம். நாளைக்கே."

"மூணுன்னா மூணு, தலைவரே" என்றார் நாகலெட்சுமி. " ரெண்ட எறக்கிட்டுப் போயிறாதீங்க. நான் கூட்டிச் சொல்லல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அழகன் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டது தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். கீழே பிள்ளை இருந்தது, கணக்கு உதைத்தது, கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அங்கே நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் கணக்கு சரி, சுவர் சரி, எல்லாம் சரியாக இருந்து, ஒரு தாயின் கையில் வெறும் பொலித்தீன் இருந்தது.

நாகலெட்சுமி என் பக்கம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"கணக்குத் தெரிஞ்ச புள்ள நீ. எனக்கு ஒண்ணு சொல்லு. என் மக சீமெந்து இதுல எந்தப் பக்கம் இருக்கு? அடியிலயா, மேலயா?"

நான் சோலைமலையைப் பார்த்தேன். "மேல்பூச்சு முழுக்க அந்த மூணு மூட்டதானா அண்ணே?"

அவர் தலையை ஆட்டினார்.

மூன்று மூட்டைக் கலவை. அதைச் சுவரின் பரப்பால் வகுக்க வேண்டும். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் செய்து காட்டிய கணக்கு. அன்றைக்குத்தான் அது ஒருவருக்குத் தேவைப்பட்டது. ஒன்றரை சென்ரிமீற்றர் சொச்சம் வந்தது. சென்ரிமீற்றரை வைத்து அந்த அம்மா என்ன செய்வார்? சுட்டுவிரலைப் பக்கவாட்டில் காட்டினேன்.

"ஒரு பக்கத்துல இல்ல பெரியம்மா. சுத்தி வர இருக்கு. அடியிலருந்து மேல வரைக்கும், இந்த வெரல் கனத்துக்கு. வெளிய நீங்க எங்க தொட்டாலும் அதுதான்."

அவர் சிறிது நேரம் என் விரலையே பார்த்தார். பொலித்தீனை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தொட்டிச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல், சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மஞ்சளும் குங்குமமும் கையில் அப்பிக்கொண்டன. நாங்கள் எல்லோரும் வழிவிட்டு ஒதுங்கினோம்.

தொடங்கின இடத்துக்கு வந்து நின்றார்.

"கடசி நாளு பூரா தண்ணி தண்ணின்னுதான் கேட்டா" என்றார், யாரையும் பார்க்காமல். "அந்த ஓடத் தண்ணியக் குடுக்கப் பயந்துக்கிட்டு ஒதட்ட மட்டும்தான் நனச்சேன். தெறந்து விடுங்க தலைவரே."

அழகன் வால்வைத் திருப்பினார். வெறும் தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. தப்படிக்கிறவர்கள் அடிக்கவில்லை. ஊற்றுத் தண்ணீர் மெல்லத்தான் ஏறும் என்பதால் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிப் போனார்கள். சர்மிளா பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தன் வீட்டுக்கே போனாள். சோலைமலையும் நானும் நாகலெட்சுமியும் நின்றோம்.

அந்த அம்மா உட்காரவில்லை. நெஞ்சு உயரத்தில் சுவரில் கையை வைத்தபடியே நின்றார். உள்ளே தண்ணீர் ஏற ஏற, சுவர் அடியிலிருந்து குளிர்ந்துகொண்டே வந்தது. தொட்டுப் பார்த்தால் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று வெளியிலேயே தெரிந்தது. வெயில் சாய்ந்த நேரத்தில் அந்தக் குளிர் அவர் கை இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தார்.

"குடி தாயி" என்றார்.